ஆற்றுக்கும் சொந்த விதை வேண்டும்: அழிவின் விளிம்பில் காவிரியின் திமில் மகசீர்

நெல்லானாலும் பருத்தியானாலும் விதை தூய்மையாக இருந்தால்தான் விளைச்சல் நிலைக்கும் என்பது விவசாயப் பெருமக்கள் அனைவரும் அறிந்ததே. விதைப் பண்ணை வைத்திருப்பவர்கள் ஒரு ரகத்துக்கும் மற்றொரு ரகத்துக்கும் இடையே போதிய தூரம் விட்டுப் பயிரிடுகிறார்கள். பூக்கும் தருணத்தில் வயலில் இறங்கிக் கலவன்களைப் பிடுங்கி அகற்றுகிறார்கள். ஆனால் இந்தக் கவனம் வயல் வரப்போடு நின்றுவிடுகிறது. ஏரியிலோ ஆற்றிலோ மீன் குஞ்சு விடும்போது, எந்த மீனாயிருந்தால் என்ன, தண்ணீரில் மீன் பெருகினால் போதும் என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. இந்த எண்ணம் எவ்வளவு பெரிய இழப்பில் கொண்டுபோய் விடும் என்பதற்குக் காவிரியில் மட்டுமே வாழும் ஒரு மீனின் நிலை சான்றாக உள்ளது. அந்த மீனின் பெயர் திமில் மகசீர்.

எந்த மீன் இது?

மகசீர் என்பது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆற்று மீன். பெரிய செதில்களும், தடித்த உதடுகளும், வாயோரத்தில் இரண்டு சோடி மீசைகளும் இதன் அடையாளங்கள். இந்தியாவில் பல வகை மகசீர்கள் உள்ளன. இமயமலை ஆறுகளில் பொன் மகசீர் வாழ்கிறது. தக்காணத்து ஆறுகளில் நீலத் துடுப்பு மகசீர் வாழ்கிறது. காவிரிக்கு உரியது திமில் மகசீர்.

தலைக்குப் பின்னால் முதுகு காளையின் திமில் போல உயர்ந்திருப்பதே இதன் சிறப்பு. துடுப்புகளும் வாலும் ஆரஞ்சு கலந்த செந்நிறமாக இருக்கும். நீலத் துடுப்பு மகசீரின் துடுப்புகள் சாம்பல் கலந்த நீலமாக இருக்கும்; முதுகிலும் இத்தகைய திமில் இராது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பழகிய கண்ணுக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

உலகிலேயே மிகப் பெரிதாக வளரக்கூடிய மகசீர் வகைகளில் இதுவும் ஒன்று. காவிரியின் துணையாறான கபினியில் 1946-ஆம் ஆண்டு தூண்டிலில் பிடிபட்ட ஒரு மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடை இருந்தது. நன்கு வளர்ந்த ஆள் ஒருவரின் எடைக்குச் சற்றே குறைவு. ஏரியில் 2 கிலோ கட்லா கிடைத்தாலே மகிழும் மீனவருக்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆறு ஆறாக ஓடிய நாளில் அதற்குள் வளர்ந்த செல்வம் அது.

இருக்கும் இடம் காவிரிப் படுகை ஒன்றே

உலகில் வேறு எந்த ஆற்றிலும் இந்த மீன் இயற்கையாக இல்லை. காவிரியும் அதன் துணையாறுகளுமே இதன் தாயகம். முன்பு காவிரியின் நீண்ட பகுதியில் காணப்பட்ட இந்த மீன், இன்று துணையாறுகளின் சில பகுதிகளில் மட்டும் துண்டு துண்டாக எஞ்சி நிற்கிறது. அவற்றுள் முக்கியமானது மோயாறு.

மோயாறு நீலகிரியில் தோன்றி, முதுமலைக் காட்டின் வழியே ஆழமான பள்ளத்தாக்கில் ஓடி, தெங்குமரகடாவைக் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியுடன் சேருகிறது. ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானிப் பாசனத்தில் மஞ்சளும் நெல்லும் விளைவிக்கும் விவசாயியின் மடையில் பாயும் தண்ணீரில் ஒரு பங்கு, இந்த மீன் வாழும் மடுக்களைக் கடந்து வந்த தண்ணீரே ஆகும். அதேபோல், மூணாறு மலைக்குக் கிழக்கே சின்னார் காட்டில் ஓடும் பாம்பாற்றிலும் இந்த மீன் உள்ளது. பாம்பாற்று நீர் உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதி அணைக்கு வந்து சேருகிறது.

ஆகவே இது எங்கோ ஓர் அடர்காட்டு மீன் என்று ஒதுக்கிவிட முடியாது. பவானி, அமராவதி, காவிரி ஆகிய மூன்று பாசனங்களின் தலைமாட்டில் வாழும் மீன் இது.

இந்த மீனுக்கு எத்தகைய ஆறு வேண்டும்?

ஒரு பயிருக்கு மண், நீர், பருவம் மூன்றும் பொருந்த வேண்டும் என்பது போல, மகசீருக்கும் மூன்று தேவைகள் உள்ளன.

முதலாவது, கோடையிலும் வற்றாத ஆழமான மடு. வளர்ந்த மீன்கள் வெயில் காலத்தைப் பாறைகளுக்கு இடையேயுள்ள இந்த மடுக்களில்தான் கழிக்கின்றன. மடு மணலால் தூர்ந்துபோனாலோ, கோடையில் வற்ற இறைக்கப்பட்டாலோ பெரிய மீன்களுக்குப் புகலிடம் இல்லை.

இரண்டாவது, கூழாங்கல் படுகையும் விரைந்து ஓடும் தெளிந்த நீரும். பருவமழையில் ஆறு பெருகும்போது மகசீர்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே சென்று, சரளையும் கூழாங்கல்லும் நிறைந்த இடங்களில் முட்டையிடுகின்றன. முட்டைகள் கற்களின் இடுக்கில் தங்கிப் பொரிக்கின்றன. அவற்றுக்கு உயிர்வளி மிகுந்த நீர் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சேறும் வண்டலும் மேலே படிந்தால் முட்டைகள் மூச்சுத் திணறி அழுகிவிடும். கூழாங்கல்லையும் மணலையும் அள்ளிவிட்டால் முட்டையிடும் இடமே இல்லாமல் போய்விடும்.

மூன்றாவது, மேலும் கீழும் சென்றுவரத் தடையில்லாத ஆறு. முட்டையிட மேலே ஏறவும், வளர்ந்த பிறகு மடுவுக்கு இறங்கவும் வழி வேண்டும்.

கட்லா, ரோகு போல மகசீர் லட்சக்கணக்கில் முட்டையிடுவதில்லை. முட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு. இனப்பெருக்கப் பருவத்தை அடையவும் சில ஆண்டுகள் ஆகும். தென்னையைப் போல நின்று நிதானமாகப் பலன் தரும் இனம் இது. ஆண்டுப் பயிரைப் போல, ஒரு பருவம் பொய்த்தால் மறு பருவத்தில் ஈடுகட்டும் தன்மை இதற்கு இல்லை.

உணவில் மட்டும் இந்த மீன் எதையும் ஒதுக்குவதில்லை. ஆற்றங்கரை மரங்களிலிருந்து விழும் அத்தி, நாவல் போன்ற பழங்களையும் விதைகளையும் உண்ணும். நண்டு, நத்தை, சிறு மீன், பூச்சி ஆகியவற்றையும் உண்ணும். தொண்டைக்குள் இருக்கும் உறுதியான பற்களால் நத்தை ஓட்டையும் நொறுக்கிவிடும். கரையில் மரம் நின்றால்தான் ஆற்றில் மகசீர் நிற்கும் என்று சொல்வதில் தவறில்லை.

அணையும் வெடியும்

காவிரிப் படுகையில் 1934-ல் மேட்டூர், 1955-ல் பவானிசாகர், 1957-ல் அமராவதி என அணைகள் எழுந்தன. இவற்றால் லட்சக்கணக்கான ஏக்கர் பாசனம் பெற்றது. அணைகள் வேண்டாம் என்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும் மீனுக்கு நேர்ந்ததைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆறு துண்டுபட்டது. மேலே சென்று முட்டையிடும் வழி அடைபட்டது. ஓடிய நீர் தேங்கியது. மலைப் பகுதியில் மின் உற்பத்திக்காக நீரைத் திறந்தும் நிறுத்தியும் வைப்பதால், சில மணி நேரத்திலேயே நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. நேற்று நீருக்குள் இருந்த முட்டை இன்று வெயிலில் காய்கிறது.

அணையைவிடக் கொடியது வெடி. மடுவில் தோட்டா வீசி மீன் பிடிக்கும் பழக்கம் பல இடங்களில் இருந்து வந்துள்ளது. ஒரு தோட்டா வெடித்தால் பெரிய மீன், குஞ்சு, நண்டு, இரையாகும் பூச்சி அனைத்தும் சாகின்றன. செத்ததில் பெரும் பகுதி அடியில் போய்விடும். கைக்குக் கிடைப்பது கொஞ்சமே. பிளீச்சிங் பவுடரையும் பூச்சி மருந்தையும் மடுவில் கலப்பது அதைவிட மோசம். அதே மடுவில்தான் ஆடு மாடுகளும் தண்ணீர் குடிக்கின்றன. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்று வகுத்துள்ளது. நூறாண்டுக்கு மேலான சட்டம் இருந்தும் வெடிச் சத்தம் முற்றிலும் ஓயவில்லை என்பது வருந்தத்தக்கது.

நல்ல எண்ணத்தால் நேர்ந்த கேடு

இவ்வளவு இடையூறுகளுக்கும் மேலாக, எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. அதுவே இந்த மீனின் வரலாற்றில் முக்கியமான பாடம்.

மகசீர் குறைந்து வருகிறது என்ற கவலை 1970-களில் நாடெங்கும் எழுந்தது. மகாராஷ்டிர மாநிலம் லோனாவாலாவில் உள்ள மீன் பண்ணையில் மகசீரின் சினையை எடுத்துச் செயற்கை முறையில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். அது பெரும் வெற்றி பெற்றது. லட்சக்கணக்கான குஞ்சுகள் நாட்டின் பல ஆறுகளுக்கும் நீர்த்தேக்கங்களுக்கும் அனுப்பப்பட்டன. காவிரிக்கும் அவை வந்தன. ஆனால் அங்கே பெருமளவில் உற்பத்தியானது கிருஷ்ணா படுகையைத் தாயகமாகக் கொண்ட நீலத் துடுப்பு மகசீர். காவிரியின் திமில் மகசீர் அல்ல.

இரண்டும் மகசீர்தானே, ஒன்று குறைந்தால் மற்றொன்றை விட்டு நிரப்பலாமே என்று அன்று கருதினார்கள். இரண்டும் வெவ்வேறு இனம் என்பது அன்று தெளிவாகத் தெரியாது. அனுப்பியவர்களிடத்திலும் பெற்றவர்களிடத்திலும் தீய எண்ணம் ஏதும் இல்லை. ஆற்றை வளப்படுத்துவதே நோக்கம்.

விளைவு என்ன? கர்நாடகப் பகுதிக் காவிரியில், தூண்டிலில் பிடித்து எடை பார்த்து உயிரோடு திரும்ப விட்டுவிடும் முறையில் பல ஆண்டுகள் மகசீர் பிடிக்கப்பட்டு வந்தது. பிடிபட்ட மீன்களின் விவரம் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. 1998 முதல் 2012 வரையிலான இக்குறிப்புகளில் இருந்த 6,000-க்கும் மேற்பட்ட மீன்களின் விவரங்களை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நீலத் துடுப்பு மகசீரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருந்தது. திமில் மகசீரின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியிருந்தது. அதைவிடக் கவலை தரும் செய்தி, பிடிபட்ட திமில் மகசீர்கள் பெரும்பாலும் முதிர்ந்த பெரிய மீன்களாகவே இருந்தன என்பது. இளம் மீன்களைக் காண்பதே அரிதாகிவிட்டது.

ஒரு மந்தையில் கிழட்டுப் பசுக்கள் மட்டும் இருந்து, கன்றுகள் இல்லாவிட்டால் அந்த மந்தையின் முடிவு என்ன என்று கால்நடை வைத்திருப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரை, ஒரே மடு, ஒரே கூழாங்கல் திட்டு ஆகியவற்றுக்கு இரண்டு இனங்களும் போட்டியிட்டால், ஆண்டுதோறும் பண்ணையிலிருந்து புதிய படை வந்து சேரும் இனமே வெல்லும். நெருங்கிய உறவு இனங்கள் ஆகையால் இனக்கலப்பு ஏற்படும் அபாயமும் உண்டு. அணை, வெடி, மணல் ஆகியவற்றால் ஏற்கெனவே நலிந்திருந்த திமில் மகசீருக்கு வெளியிலிருந்து வந்த உறவினரே பெரும் பகையாகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பெயர் தெரியாமலே அழிந்துகொண்டிருந்தது

இதில் இன்னொரு துயரமும் உண்டு. நூறாண்டுக்கு மேலாகத் தூண்டிற்காரர்கள் புகழ்ந்த இந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர் நெடுங்காலம் இல்லை. வேறு மீன்களின் பெயர்களிலேயே குறிக்கப்பட்டு வந்தது. பெயர் இல்லாத இனத்தை அழியும் இனங்களின் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பட்டா இல்லாத நிலத்துக்குக் கடன் கிடைக்காதது போன்ற நிலைதான்.

2018-ல் இந்த முடிச்சு அவிழ்ந்தது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக விஞ்ஞானி உள்ளிட்ட இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மோயாற்றில் கிடைத்த திமில் மகசீரின் உடல் அமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தார்கள். பாம்பாற்றிலிருந்து சில ஆண்டுகளுக்கு முன் 'டோர் ரெமாதேவி' என்ற பெயரில் அறிவிக்கப்பட்டிருந்த மகசீரும் இதுவும் ஒரே இனம் என்று கண்டறிந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையத்தில் தென்னிந்திய நன்னீர் மீன்களை ஆராய்ந்த டாக்டர் கே. ரெமாதேவியைச் சிறப்பிக்கும் வகையில் இடப்பட்ட பெயர் அது. அதே 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை 'மிக அபாயகரமான அழிவு நிலையில் உள்ளது' என்ற பிரிவில் சேர்த்தது. இயற்கையில் முற்றிலும் அற்றுப்போவதற்கு முந்தைய படி அது. நீலத் துடுப்பு மகசீரோ இன்று அதே பட்டியலில் அச்சமற்ற நிலையில் உள்ளது.

வயலில் கலவன், ஆற்றில் கலவன்

இனி வயலுக்குத் திரும்பிப் பார்க்கலாம். வெள்ளைப் பொன்னி விதை வயலில் வேறு ரகம் கலந்துவிட்டால் உயரத்தையும் கதிரையும் பார்த்துப் பிடுங்கிவிடலாம். அந்தப் போகம் கெட்டாலும் அடுத்த போகத்துக்கு வேறு இடத்தில் சான்று விதை வாங்கிக்கொள்ளலாம். ஆற்றில் கலந்துவிட்ட மீனைப் பிடுங்கி எறிய எவராலும் ஆகாது. அது முட்டையிட்டுப் பெருகிவிட்டால் திரும்பப் பெறவே முடியாது. சொந்த இனம் அற்றுப்போனால் மீண்டும் வாங்கிவர வேறு ஆறும் கிடையாது.

இதற்கு மகசீர் ஒன்றுதான் எடுத்துக்காட்டு என்பதில்லை. ஜிலேபி மீன் என்று எல்லோரும் அறிந்த திலேப்பியா 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான மீன் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். குளத்துக்குக் குளம் பரவி, நெருக்கமாகப் பெருகி, உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் நிற்கும் ஜிலேபியைப் பார்க்காத கிராமம் இன்று குறைவு. ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் கொடியது. மற்ற மீன்களையும் குஞ்சுகளையும் விழுங்கி வளரும். இதை வளர்க்க அரசு தடை விதித்துள்ளது. தடையை மீறி ஒரு குட்டையில் வளர்த்தாலும், வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஆற்றுக்குப் போய்விடும்.

வடசென்னை நீர்வழிகள் காட்டும் எச்சரிக்கை

காவிரி தொலைவில் உள்ளது, திருவள்ளூர் மாவட்ட விவசாயிக்கு இதில் என்ன என்ற கேள்வி எழலாம். பூண்டிக்குக் கீழே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நோக்கி ஓடுகிறது. பொன்னேரி வழியாக ஆரணியாறு பழவேற்காட்டை நோக்கி ஓடுகிறது. மீஞ்சூர், சோழவரம், பொன்னேரி வட்டார ஏரிகள் நிறைந்து கலங்கல் வழியும்போது அந்த நீர் இந்த ஆறுகளிலும் ஓடைகளிலுமே சேருகிறது. ஏரியில் எந்த மீன் இருக்கிறதோ அதுவும் உடன் போகிறது.

நன்னீர் ஓடை நன்னீராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வடசென்னையில் காணலாம். எம்.கே.பி. நகர், வியாசர்பாடி பகுதிகளை ஒட்டிச் செல்லும் கேப்டன் காட்டன் கால்வாயிலும், பக்கிங்காம் கால்வாயிலும் கழிவுநீர் கலந்து உயிர்வளி குறைந்துவிட்டது. இத்தகைய நீரில் தெளிந்த நீர் வேண்டும் மீன்கள் வாழ முடியாது. எதையும் தாங்கும் மீன்களே நிற்கும். கண்ணாடித் தொட்டியின் பாசியை உண்ணட்டும் என்று வாங்கி வளர்த்து, பெரிதானதும் கால்வாயில் வீசப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி அத்தகையது. தொட்டி மீன் என்றும் டேங்க் கிளீனர் என்றும் இதை அழைக்கிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் இது பரவிவிட்டது. முள்ளும் கடினமான தோலும் கொண்டதால் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் ஏரிக்கரையும் பண்ணைக் குட்டைக் கரையும் வலுவிழக்கும். ஒரு வீட்டுத் தொட்டியிலிருந்து வெளியேறிய மீன், ஓர் ஆயக்கட்டின் கரையை அரிக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது.

காவிரியில் மகசீருக்கு நேர்ந்ததும், கொசஸ்தலையாற்றுப் படுகையில் நாட்டு மீன்களுக்கு நேர்ந்துவருவதும் ஒரே வகைக் கேடு. ஆகவே கீழ்க்கண்ட பாதுகாப்பு முறைகள் எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. பண்ணைக் குட்டையிலும் ஏரியிலும் மீன் வளர்ப்போர் அரசு மீன் பண்ணையிலோ, பதிவு பெற்ற பண்ணையிலோ மட்டும் குஞ்சு வாங்க வேண்டும். என்ன இனம் என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்க வேண்டும். விலை மலிவு என்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை வாங்கக் கூடாது.

2. குட்டையின் நீர் வெளியேறும் வழியில், விரல் நீளக் குஞ்சும் தப்பாத அளவுக்கு நெருக்கமான கண்ணுள்ள வலைத் தடுப்பு அமைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே தடுப்பைச் சரிபார்த்து, கரையை உயர்த்திவிட வேண்டும். தாழ்வான, வெள்ளம் புகும் குட்டைகளில் மழைக்கு முன் அறுவடையை முடித்துவிடுவது நல்லது.

3. விற்றது போக மிஞ்சிய குஞ்சுகளையும், வீட்டுத் தொட்டி மீன்களையும் ஆற்றிலோ கால்வாயிலோ விடக் கூடாது. வேண்டுதலுக்காக மீன் விடுபவர்கள் அந்த நீரிலேயே உள்ள இனத்தை மட்டும் விடலாம்.

4. ஆறுகளில் மீன் குஞ்சு விடும் திட்டங்கள் இன்று நடைபெறுகின்றன. ஊருக்கு அப்படி ஒரு திட்டம் வரும்போது, இந்தக் குஞ்சுகளின் தாய் மீன்கள் எந்த ஆற்றில் பிடிக்கப்பட்டவை என்ற ஒரு கேள்வியைக் கிராம சபையில் கேட்க வேண்டும். அதே ஆற்றுத் தாய் மீனிலிருந்து பெற்ற குஞ்சே அந்த ஆற்றுக்கு ஏற்ற விதை.

5. ஆற்றோர நிலங்களில் கரையை ஒட்டிச் சில அடி அகலத்துக்கு உழாமல் விட்டு, வெட்டிவேர் அல்லது புல் வளர்க்க வேண்டும். நீர்மருது, நாவல், அத்தி, புங்கன் போன்ற மரங்களை வெட்டாமல் காக்க வேண்டும். மேல்மண் கரைந்து ஆற்றுக்குப் போவது நிலத்துக்கும் நட்டம், கூழாங்கல்லில் உள்ள முட்டைக்கும் நட்டம்.

6. சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் ஆற்றிலோ வாய்க்காலிலோ கழுவக் கூடாது. டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்குத் தெளித்துவிட வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போட வேண்டும்.

7. கோடையில் ஆற்று மடுவிலிருந்து இறைப்பவர்கள் மடு முற்றிலும் வற்றும்வரை இறைக்கக் கூடாது. ஊரார் கூடி, இந்த மட்டத்துக்குக் கீழே மோட்டார் ஓடாது என்று ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். மடுவில் நிற்கும் நீர் கரையோரக் கிணறுகளின் ஊற்றுக்கும் துணையாகும்.

8. தோட்டா, பிளீச்சிங் பவுடர், மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்போரை ஊரே தடுத்து நிறுத்த வேண்டும். காவல் நிலையத்துக்கோ மீன்வளத் துறைக்கோ தகவல் கொடுக்கலாம்.

9. பவானி, மோயாறு, அமராவதி, காவிரிப் பகுதிகளில் வலையில் செந்நிறத் துடுப்பும் திமிலும் உள்ள மகசீர் விழுந்தால், ஈரக் கையால் பிடித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உடனே ஓடும் நீரில் விட்டுவிட வேண்டும். படத்தையும் இடத்தையும் மீன்வளத் துறை அலுவலருக்குத் தெரிவித்தால் எஞ்சியுள்ள மீன்களைக் கணக்கிட உதவும்.

மடுவைக் காத்தால் மீன் நிற்கும்

இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்ற ஐயம் வேண்டாம். கர்நாடகத்தில் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையிலும், காவிரிக் கரையில் ராமநாதபுரம் என்ற ஊரின் கோயில் துறையிலும் மகசீர் மீன்கள் பல தலைமுறைகளாகப் பிடிக்கப்படாமல் காக்கப்பட்டு வருகின்றன. அங்கே வேலி இல்லை, பெரிய செலவும் இல்லை. இந்த மடுவில் மீன் பிடிப்பதில்லை என்ற ஊர்க் கட்டுப்பாடு அங்கே காவலாக உள்ளது. தமிழ்நாட்டிலும் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டுள்ளன. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் காவிரி ஓடும் பகுதிக்கு இதனால் சட்டப் பாதுகாப்புக் கிடைத்துள்ளது. காட்டுக்குள் சட்டம் காக்கும். காட்டுக்கு வெளியே ஆற்றங்கரை விவசாயியே காக்க வேண்டும்.

இந்த மீன் இருப்பதால் பாசனத்துக்கு ஒரு கன அடி நீரும் குறைவதில்லை. அதற்கு வேண்டியவை தெளிந்த நீர், தூராத மடு, அரிக்கப்படாத கரை, நஞ்சில்லாத ஓடை. விவசாயிக்கு வேண்டியவையும் அவையே. மோயாற்றில் இளம் திமில் மகசீர்கள் மீண்டும் நிறையத் தென்படுமானால், அந்த நீரைக் கடைமடைவரை அச்சமின்றிப் பாய்ச்சலாம் என்று பொருள். அவை தென்படாமலே போகுமானால், ஆற்றின் தலைமாட்டில் கோளாறு தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

மீன் குஞ்சு தேர்வு, பண்ணைக் குட்டை அமைப்பு, வலைத் தடுப்பு முதலியவை பற்றி மேலும் அறிய விரும்புவோர் அந்தந்த மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தையும் வேளாண்மை அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். சென்னை, திருவள்ளூர் மாவட்டத்தினர் பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியில் ஆலோசனை பெறலாம். விதை வாங்கும்போது சான்று அட்டை கேட்கும் பழக்கம் விவசாயிகளிடம் நன்கு வேரூன்றிவிட்டது. மீன் குஞ்சு வாங்கும்போதும் இது எந்த ஆற்று விதை என்று கேட்கும் பழக்கம் வர வேண்டும்.